முதலில் யாரைக் காட்டுவது: குழந்தையையா, தாயையா?

தண்டையார்பேட்டையில் பதினொரு ஆண்டுகளாக அங்கன்வாடிப் பணியாளராக இருக்கிறேன். மூன்று வயதுப் பிள்ளைகளின் அழுகையில் எத்தனை வகை உண்டோ அத்தனையும் எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். என் தங்கை மகளின் அழுகையை அதில் எந்த வகையிலும் சேர்க்க முடியவில்லை. அவள் அழுவதையே நிறுத்தியிருந்தாள்.

காசிமேட்டில் ஒற்றை அறை வீடு. தங்கைக்கு இரண்டாவதாக ஆண் குழந்தை பிறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. பெரியவளுக்கு மூன்று வயது. எப்போதோ விட்டிருந்த படுக்கையை நனைக்கும் பழக்கம் அவளுக்குத் திரும்பியிருந்தது. வயிறு வலிக்கிறது என்பாள், எங்கே என்று கேட்டால் காட்டத் தெரியாது. விளையாடக் கூப்பிட்டால் வரமாட்டாள். தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்று விடியற்காலையில் காற்றைப் பார்த்து நிற்பார்களே எங்கள் ஊர்ப் பெரியவர்கள், அப்படிப் பார்ப்பாள்.

தங்கையோ குழந்தை தூங்கும் நேரத்திலும் தூங்குவதில்லை. மூச்சு இருக்கிறதா என்று இரவில் பத்து முறை எழுந்து மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கிறாள். நெஞ்சு படபடவென்று அடிக்கிறது என்கிறாள். சோறு இறங்கவில்லை. ஒரு நாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே, “இந்தப் பிள்ளைகளுக்கு வேறு ஒருத்தி தாயாக வந்திருக்கலாம் அக்கா” என்றாள். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. அன்றுதான் எனக்குப் பயம் வந்தது.

ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். தங்கையின் மாமியார், பிள்ளைக்குப் பயந்த கோளாறு, தர்காவுக்கு அழைத்துப்போய் ஓதி ஊதிக்கொண்டு வரலாம் என்றார். பக்கத்து வீட்டு அக்கா, எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் காட்டச் சொன்னார். பிறந்த வீட்டில் பத்து நாள் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றார் தங்கையின் கணவர். எனக்கு வாரத்தில் ஒரு நாள்தான் விடுப்பு கிடைக்கும். ஒரு நாளில் ஒருவரை ஓரிடத்துக்குத்தான் அழைத்துப்போக முடியும். யாரை, எங்கே என்று முடிவு செய்வதற்காக நான் படித்ததையும் கேட்டதையும் பார்த்ததையும் இங்கே எழுதுகிறேன். இதே குழப்பத்தில் இன்னும் பல வீடுகள் இருக்கின்றன என்பது எனக்குத் தெரியும். அந்த வீட்டுப் பிள்ளைகளில் சிலர் தினமும் என் முன்னால்தான் உட்காருகிறார்கள்.

குழந்தையை முதலில் காட்டலாம் என்பதற்கு நல்ல காரணங்கள் உண்டு. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவதில் வெட்கம் இல்லை. மாமியார் தடுக்கமாட்டார், தெருவில் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். உடம்பிலேயே கோளாறு இருக்கவும் கூடும். சிறுநீரில் கிருமி இருந்தால் படுக்கை நனையும், மலச்சிக்கல் இருந்தால் வயிறு வலிக்கும், காது சரியாகக் கேட்காத பிள்ளை ஒதுங்கி உட்காரும். இவற்றையெல்லாம் பார்க்காமல் ‘மனசுதான் காரணம்’ என்று யாரும் முடிவுகட்டக் கூடாது.

ஆனால் நான் பார்த்திருக்கிறேன். சத்து மருந்தும் பூச்சி மாத்திரையும் வாங்கிக்கொண்டு வரும் பிள்ளை, திரும்பவும் அதே அறைக்கு, அதே முகத்துக்கு முன்னால்தான் போய் உட்காருகிறது.

அந்த முகத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அமெரிக்க உளவியல் அறிஞர் எட்வர்ட் ட்ரானிக் 1970களில் ஒரு சோதனை செய்தார். தாய் தன் கைக்குழந்தையோடு சிரித்து, பேசி, விளையாடுவாள். பிறகு இரண்டொரு நிமிடம் முகத்தில் எந்த அசைவும் இல்லாமல் குழந்தையைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பாள். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், சத்தம் எழுப்பும். எதற்கும் பதில் வராதபோது முகத்தைத் திருப்பிக்கொள்ளும், உடம்பு தளர்ந்துபோகும். பல குழந்தைகள் அழுதுவிடும். பேசத் தெரியாத பிள்ளையும் தாயின் முகத்தில் பதிலைத் தேடுகிறது, கிடைக்காவிட்டால் கலங்குகிறது என்பதை அந்தச் சோதனை காட்டியது. அந்தத் தாய் வேண்டுமென்றே இரண்டு நிமிடம் அப்படி இருந்தாள். மனச்சோர்வில் இருக்கும் தாய் வேண்டுமென்று செய்வதில்லை, அவளால் வேறு விதமாக இருக்க முடிவதில்லை. அது மாதக்கணக்கில் நீள்கிறது.

பதற்றம் வேறு வழியாகப் பிள்ளைக்குப் போய்ச் சேருகிறது. சோர்ந்த தாயின் முகம் பதில் சொல்வதில்லை என்றால், பதறும் தாயின் முகம் எதற்கெடுத்தாலும் ‘ஆபத்து’ என்று சொல்கிறது. பிள்ளை அதைப் பார்த்து உலகத்தைப் படிக்கிறது. படியில் இறங்காதே, நாய்க்குட்டியைத் தொடாதே, அந்தப் பையனோடு சேராதே. அங்கன்வாடி வாசலில் தாயின் கழுத்தை விடாத பிள்ளையை நான் பிரித்தெடுக்கும்போது, பல நாட்களில் பிள்ளையின் கையை விடத் தாயின் கைதான் இறுக்கமாக இருக்கிறது.

இந்தப் பதற்றத்தை வெறும் நோய் என்று நான் சொல்லமாட்டேன். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா வாயு கசிந்தபோது பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடிய தாய்மார்கள், அதற்குப் பிறகு ஒவ்வொரு வாடைக்கும் திடுக்கிட்டு எழுந்தால் அது அவர்கள் குற்றமா? கணவன் கடலில் இருக்கும்போது வானிலை அறிக்கையைக் கேட்டு நடுங்குகிறவளிடம் ‘வீணாகப் பயப்படாதே’ என்று எப்படிச் சொல்வது? அவளது பயத்துக்குக் காரணம் உண்டு. ஆனால் அந்தக் காரணம் விலகி நிற்கும் நாட்களிலும் பயம் மட்டும் விலகாமல் உறக்கத்தையும் உணவையும் தின்னுமானால், அதற்கு வைத்தியம் வேண்டும்.

தாயைக் குணப்படுத்தினால் பிள்ளை தேறுமா? என் முடிவு இந்தக் கேள்வியில்தான் இருந்தது. 2006-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் 151 தாய்–பிள்ளை இணைகளைப் பின்தொடர்ந்தார்கள். மனச்சோர்வுக்கு மருந்து கொடுத்தது தாய்மார்களுக்கு மட்டும்தான். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, குணமான தாய்மார்களின் பிள்ளைகளிடம் மனநலக் கோளாறுகள் 11 சதவீதம் குறைந்திருந்தன. குணமாகாதவர்களின் பிள்ளைகளிடம் 8 சதவீதம் கூடியிருந்தன. அந்தப் பிள்ளைகள் 7 முதல் 17 வயதுவரை உள்ளவர்கள், என் தங்கை மகளுக்கு வயது மூன்று. அப்படியே பொருத்திப் பார்க்க முடியாது. ஆனாலும் வழி எந்தப் பக்கம் என்று அது எனக்குக் காட்டியது.

என்னை இன்னும் அதிகமாகத் தொட்டது பாகிஸ்தான் கிராமங்களில் நடந்து 2008-இல் வெளியான ஆய்வு. அதில் வேலை செய்தவர்கள் டாக்டர்கள் அல்லர், வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பெண் பணியாளர்கள். ஏறக்குறைய என்னைப் போன்றவர்கள். தாயின் மனத்தில் ஓடும் இருண்ட எண்ணங்களைப் பேசிப் பேசி மாற்றும் முறையை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது, அவர்கள் பார்த்த தாய்மார்களில் 23 சதவீதம் பேருக்குத்தான் மனச்சோர்வு இருந்தது. மற்றப் பகுதிகளில் 53 சதவீதம். எடை, உயரம் பெரிதாக மாறிவிடவில்லை. அந்த இடத்தைப் படித்தபோது, பிள்ளைகளை எடை பார்க்கிற எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஆனால் வயிற்றுப்போக்கு குறைந்திருந்தது, தடுப்பூசிகள் தவறாமல் போடப்பட்டிருந்தன, தாயும் தந்தையும் பிள்ளையோடு விளையாடும் நேரம் கூடியிருந்தது.

இதைப் படிக்கிற தாய் யாராவது ‘அப்படியானால் என் பிள்ளையைக் கெடுத்தது நான்தான்’ என்று நினைத்தால், தயவுசெய்து அடுத்த வரியையும் படியுங்கள். 193 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பு 2011-இல் வந்தது. தாயின் மனச்சோர்வுக்கும் பிள்ளையின் மனநிலைக்கும் தொடர்பு உண்டு, ஆனால் அது சிறிய அளவிலானது என்பதுதான் அதன் முடிவு. மனச்சோர்வுள்ள தாய்மார்களின் பிள்ளைகளில் மிகப் பலர் நன்றாகவே வளர்கிறார்கள். தந்தைக்கும் இதில் பங்கு உண்டு: பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்களில் தந்தை மனச்சோர்வில் இருந்தாலும் பிள்ளையின் நடத்தையில் அது தெரிகிறது என்று 2005-இல் பிரிட்டனில் கண்டறிந்தார்கள். இன்னொரு பக்கமும் உண்டு. எந்நேரமும் அழுகிற, தூங்காத பிள்ளை எந்தத் தாயையும் தளர்த்திவிடும். யார் யாரைச் சோர்வாக்கினார்கள் என்று வழக்கு நடத்துவதில் பயனில்லை. எந்த முனையில் கை வைத்தால் முடிச்சு அவிழும் என்று பார்ப்பதே நம் வேலை.

எனவே தாய் முதலில் என்று முடிவு செய்தேன். பிள்ளையை விட்டுவிடவில்லை. தடுப்பூசிக்காகத் தம்பியைத் தூக்கிப்போன அன்றே, மாநகராட்சி ஆரம்பச் சுகாதார நிலையத்தில் அவளுக்கும் சிறுநீர் பரிசோதனை செய்து காதையும் பார்த்துவிட்டோம். ஒன்றும் இல்லை.

சில நேரங்களில் இந்த வரிசை மாற வேண்டும். பேசிக்கொண்டிருந்த பிள்ளை கற்ற சொற்களை இழந்தால், பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பாவிட்டால், வலிப்பு வந்தால், எடை குறைந்துகொண்டே போனால், யாரையாவது கண்டு நடுங்கினால், முதலில் குழந்தைதான். எழும்பூருக்குப் போங்கள், நாள் கடத்தாதீர்கள். தாய்க்குக் காதில் குரல் கேட்டால், நாட்கணக்கில் உறக்கமே இல்லாமல் தொடர்பின்றிப் பேசினால், தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவோம் என்ற எண்ணம் வந்தால், அன்றைக்கே, அந்த நேரத்திலேயே பெரிய ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். அவளைத் தனியாக விடக் கூடாது. பிரசவமாகிச் சில வாரங்களுக்குள் ஆயிரம் தாய்மார்களில் ஒருவர் இருவருக்கு இப்படிக் கடுமையான மனக்கலக்கம் வருகிறது. அங்கே ஒப்பீடு செய்து கொண்டிருக்க நேரமில்லை.

பிறந்த வீட்டில் பத்து நாள் இருப்பதைப் பற்றி. பிரசவமான மூன்றாம் நாள் போல வருகிற காரணமில்லாத அழுகை, எரிச்சல், கவலை பாதிக்கும் மேற்பட்ட தாய்மார்களுக்கு வருவதுதான். இரண்டு வாரத்துக்குள் தானாகப் போய்விடும். அதற்குப் பத்திய சோறும் உறக்கமும் அம்மாவின் மடியும் போதும். ஐந்து மாதம் ஆன பிறகு அவை போதாது. தங்கையை அழைத்து வந்து ஒரு வாரம் வைத்திருந்தேன். தூங்கினாள், முகம் கொஞ்சம் தெளிந்தது. திரும்பிப்போன மூன்றாம் நாளே பழையபடி ஆனாள். தர்காவுக்குப் போனதையும் நான் குறை சொல்லவில்லை. அங்கே அந்த மாமியார் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அது தேவையாகத்தான் இருந்தது. ஆனால் அதோடு நிறுத்திவிட அவர் நினைத்ததைத்தான் நான் மறுத்தேன்.

ஆஸ்பத்திரி என்று முடிவான பிறகு, எந்த ஆஸ்பத்திரி?

இதற்கு முன்பே ஒரு கிளினிக்கில் காட்டியிருந்தாள். “எல்லாத் தாய்மார்களும் இப்படித்தான் இருப்பார்கள், தைரியமாக இரும்மா” என்று சொல்லி இரும்புச்சத்து மாத்திரை எழுதிக்கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இரத்தசோகையும் தைராய்டு குறைபாடும் இதே போன்ற சோர்வைக் கொண்டுவரும் என்பது உண்மைதான்; அந்தப் பரிசோதனைகளைக் கேட்டு வாங்குங்கள். ஆனால் அவளை ஒரு கேள்வி கூடக் கேட்காமல் அனுப்பியதை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை. பிரசவமான பெண்ணிடம் கேட்பதற்கென்றே 1987-இல் எடின்பரோவில் உருவாக்கிய பத்துக் கேள்விகள் இருக்கின்றன. தமிழிலும் உண்டு. ஐந்து நிமிட வேலை. பத்தாவது கேள்வி, தன்னைத்தானே வருத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. அதை மாடிப்படியில் உட்கார்ந்து நான் கேட்டபோது தங்கை பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொண்டாள். “எப்போதாவது” என்றாள். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு நான் நாள் பார்க்கவில்லை.

அன்றிரவே 14416-க்கு அழைத்தோம். 2022 அக்டோபரில் தொடங்கிய இலவச மனநல உதவி எண் அது. எந்த நேரமும் எடுக்கிறார்கள், தமிழில் பேசுகிறார்கள். இரவு இரண்டு மணிக்கு ஒருத்தி விழித்து உட்கார்ந்திருக்கும்போது அவசர சிகிச்சைப் பிரிவைத் தவிர ஆஸ்பத்திரியில் வேறெதுவும் திறந்திருக்காது, இது திறந்திருக்கும். முகம் தெரியாத ஒருவரிடம் தங்கை முதல் முறையாக இருபது நிமிடம் பேசினாள். ஆனால் தொலைபேசியை மட்டும் நம்பி இருந்துவிட முடியாது. நேரில் பார்த்து, பரிசோதித்து, மருந்தின் அளவை மாதாமாதம் சரிபார்க்க ஒரு டாக்டர் வேண்டும் என்று அவர்களே சொன்னார்கள்.

கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் 1794-இல் தொடங்கிய நிறுவனம், இந்த வேலைக்கென்றே இருப்பது. ஆனால் சென்னையில் ‘கீழ்ப்பாக்கம்’ என்ற சொல்லை நாம் எப்படிப் பயன்படுத்தி வந்திருக்கிறோம் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெயரைக் கேட்டதும் தங்கை, “பிள்ளைகளை என்னிடமிருந்து வாங்கிக்கொள்வார்களா?” என்றாள். உள்நோயாளியாகச் சேர்ந்தாலும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைத் தாயிடமிருந்து பொதுவாகப் பிரிக்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரியில் தாயும் சேயும் சேர்ந்தே தங்கும் பிரிவு 2009 முதல் இருக்கிறது. இவற்றையெல்லாம் சொன்னேன். அறிவு ஒப்புக்கொண்டது, மனம் ஒப்பவில்லை.

தனியார் மனநல மருத்துவரிடம் மாலையில் போகலாம், வரிசை இல்லை, தெரிந்தவர்கள் கண்ணில் படமாட்டோம். நாங்கள் விசாரித்த இடத்தில் ஒரு முறைக்கு எண்ணூறு ரூபாய் கேட்டார்கள், மருந்து தனி. ஒரு முறை என்றால் கடன் வாங்கியாவது போயிருப்போம். ஆனால் இந்த வைத்தியம் மாதக்கணக்கில் ஓடுவது. மூன்றாவது முறை பணம் இல்லாமல் நின்றுபோகிற வைத்தியத்தைத் தொடங்குவதே ஆபத்து, ஏனென்றால் மருந்தைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. பணம் உள்ளவர்களுக்கு இது நல்ல வழி. எங்களுக்கு அல்ல.

ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் முடிந்தது தேடல். எங்கள் பாட்டி காலத்தில் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி. இன்றும் வடசென்னைக்குக் காய்ச்சலுக்கும் அதுதான், எலும்பு முறிவுக்கும் அதுதான், நெஞ்சுவலிக்கும் அதுதான். ஓ.பி. சீட்டு வாங்க நிற்கிற வரிசையில் யார் எந்தப் பிரிவுக்குப் போகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. மனநலப் பிரிவு அங்கே பல பிரிவுகளில் ஒன்று. தங்கைக்கு அந்த மறைவு பெரிய நிம்மதி. காசிமேட்டிலிருந்து பக்கம், மருந்தும் இலவசம். குறைகளும் உண்டு. காலையிலேயே போக வேண்டும். கூட்டத்தில் டாக்டருக்கு உங்களோடு நிதானமாகப் பேச நேரம் இருக்காது. ஆகவே சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனோம்: உறக்கம் எத்தனை மணி நேரம், எந்த மாதத்திலிருந்து, தாய்ப்பால் கொடுக்கிறாள், பத்தாவது கேள்விக்கு என்ன பதில்.

மருந்தா, பேச்சா என்று அங்கே கேட்டேன். லேசான சோர்வுக்குப் பேசித் தீர்க்கும் முறையே போதும், தங்கையின் நிலைக்கு இரண்டும் வேண்டும் என்றார்கள். ‘தூக்க மாத்திரை கொடுத்துப் பழக்கிவிடுவார்கள், பாலில் கலந்து குழந்தைக்குப் போய்விடும்’ என்று வீட்டில் பயந்தார்கள். மனச்சோர்வு மருந்துகள் தூக்க மாத்திரைகள் அல்ல. தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கு டாக்டர்கள் பெரும்பாலும் முதலில் எடுப்பது செர்ட்ரலின். பாலில் அது மிகக் குறைந்த அளவே கலக்கிறது. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். இந்தக் காத்திருப்பில்தான் பலர் ‘பலனில்லை’ என்று விட்டுவிடுகிறார்கள். மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் உறக்கத்துக்கு மாத்திரை வாங்குவதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். பக்கத்தில் பச்சைக் குழந்தையைப் போட்டுக்கொண்டு அந்த மயக்கத்தில் தூங்குவது உயிருக்கே ஆபத்து.

எங்களுக்குக் காலமும் கைகொடுத்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கையில் காசு இருக்காது என்று எல்லோரும் அஞ்சுகிற நாட்கள் அவை. ஆனால் படகு கரையில் இருந்தால் ஆளும் கரையில் இருப்பார். கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தங்கையின் கணவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்துகொண்டிருப்பார், அவள் உள்ளே டாக்டரிடம் பேசிக்கொண்டிருப்பாள். மகளோடு மாலையில் அரை மணி நேரம் விளையாடுவதும் அவர் பொறுப்பு என்று நான் கறாராகச் சொல்லிவிட்டேன். முதல் நாள் என்ன விளையாடுவது என்று தெரியாமல் வலை பின்னும் நூலை எடுத்து முடிச்சுப் போட்டுக் காட்டியிருக்கிறார். அவள் அதைப் பிடித்து இழுத்திருக்கிறாள். காலையில் நான் அவளை என் அங்கன்வாடிக்கு அழைத்து வந்தேன். தாய் தேறும்வரை பதில் சொல்லும் முகம் ஒன்றாவது அவள் முன் இருக்கட்டும் என்றுதான்.

ஐந்தாவது வாரத்தில் தங்கை தானாகக் கேட்டு மீன் குழம்பு சாப்பிட்டாள். மகள் இன்னும் சில இரவுகளில் படுக்கையை நனைக்கிறாள். ஆனால் போன வாரம் ஒரு பையன் பலூனைப் பிடுங்கிக்கொண்டதற்குத் தெருவே கேட்க அழுதிருக்கிறாள். தங்கை என்னை அழைத்து அதைத்தான் முதலில் சொன்னாள்.

தடைக்காலம் முடிந்துவிட்டது, மாப்பிள்ளை கடலுக்குப் போய்விட்டார். அடுத்த சீட்டு வியாழக்கிழமைக்கு. உதவியாளரிடம் பேசி என் விடுப்பை அந்த நாளுக்கு மாற்றிக்கொண்டேன். குழந்தையை நான் வைத்துக்கொண்டு வெளிப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். அதற்கடுத்த முறைக்குத் தானே வருவதாக மாமியார் சொல்லியிருக்கிறார்.